மச்சாது சுற்றி வந்த தெரு

கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை.

பிரான்சிஸ் மச்சாது என்று ஒரு பியானோக்காரர். தூத்துக்குடியில் பிறந்து, லண்டனில் படித்து, தேசம் தேசமாக மேடையேறியவர். அறுபது வயது. இந்தக் கதையில் அவர்தான் சீடர். குருவுக்கு முப்பத்தெட்டு. பேர் ஜெசிந்தா, மாதா கோயிலில் கல்யாணங்களுக்குப் பியானோ வாசிக்கிறவள். சிரிக்காமல் கேளுங்க.

ஒரு திங்கட்கிழமை மச்சாது அவள் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார்.

"டீச்சர், எனக்குச் சொல்லிக் கொடுக்கணும்."

"உங்க கேசட்டைக் கேட்டுத்தான் சார் நானே கத்துக்கிட்டேன்."

"கேசட்ல நான் மறக்கல."

விஷயம் இதுதான். மேடையில் பியானோ வாசிக்கிறவர்கள் முன்னால் இசைக்குறிப்புப் புத்தகம் வைத்துக்கொள்வதில்லை. முக்கால் மணி நேரப் பாட்டானாலும் மனப்பாடம். போன வருஷம் சிங்கப்பூரில் அவர் வாசித்த ஒரு சின்னப் பாட்டில் ஒரே மெட்டு இரண்டு தரம் வரும். முதல் தரம் முடிந்ததும் ஒரு தெருவில் திரும்பும். இரண்டாம் தரம் வேறு தெருவில் திரும்பி வீடு போய்ச் சேரும். மச்சாதுவின் விரல் இரண்டாம் தரமும் முதல் தெருவிலேயே நுழைந்துவிட்டது. நுழைந்தால்? சுற்றிக்கொண்டு வந்து மறுபடி அதே முக்கு. மறுபடி அதே தெரு. மூன்று சுற்று சுற்றினார். பாட்டை முடிக்காமலே எழுந்தார், போய்விட்டார்.

வருகிற சனிக்கிழமை சென்னையில் அதே பாட்டு. அன்றைக்கும் எழுந்து போனால் இனி மேடையே இல்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"மறக்காம இருக்க ஒரு வழி சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதே."

"பதினஞ்சு வருசத்துல நீங்க ஒரு தடவைகூட நின்னதில்லையாம். ஊரே சொல்லுது."

"நிக்கல. மறக்கலன்னு யாரு சொன்னா?"

மச்சாது அவள் முகத்தையே பார்த்தார். விளையாடுகிறாளா என்று தெரியவில்லை.

"புதன்கிழமை ஒரு கல்யாணம் இருக்கு," என்றாள். "எனக்குப் பதிலா நீங்க வாசிங்க. அதே பாட்டை."

"கல்யாணத்துக்கு அதுவா?"

"பொண்ணு வர்றதைப் பாக்கத்தான் ஆளுக வருது. பாட்டை யாரு கேக்கா?"

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். பெண் வாசலில் கால் வைத்ததும் பாட்டு தொடங்க வேண்டும். பீடத்துக்கு வந்து சேரும்வரை நிற்கக் கூடாது. வந்து சேர்ந்த பிறகு நீளக் கூடாது.

புதன்கிழமை மச்சாது தொடங்கினார். பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். பாதி தூரத்தில் அந்த அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு நிமிசம் பொறு தாயி."

அந்த நேரம் பார்த்து முக்கு வந்தது. சரியான தெருவில் திரும்பினால் அரை நிமிஷத்தில் பாட்டு முடிந்துவிடும். பெண்ணோ நடுவழியில் நிற்கிறாள். மச்சாது ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறு வழியில்லை. முதல் தடவையாகத் தெரிந்தே பழைய தெருவுக்குள் நுழைந்தார். சிங்கப்பூரில் இங்கே ஓடிக்கொண்டிருந்தார். இப்போது நடந்தார். இடது கையில் இவ்வளவு நல்ல இறக்கம் ஒன்று இருந்ததா? இன்னொரு தரம் பார்த்துவிடலாம் என்று இன்னொரு சுற்று போனார். பிறகு தகப்பனார் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று இன்னொன்று. தகப்பனார் எழுந்து, பெண் பீடத்தை நெருங்கினதும் சரியான தெருவில் திரும்பினார். பங்குச்சாமி ஆசீர்வாதத்துக்குக் கையை உயர்த்தவும் பாட்டு முடியவும் சரியாக இருந்தது.

பந்தியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"மூணு சுத்து சுத்தினேன், டீச்சர்."

"அப்படியா? நான் எண்ணல."

"சிங்கப்பூர்லயும் இதே மூணுதான்."

"அங்க எத்தனாவது சுத்துல ஜனம் எந்திரிச்சுப் போச்சு?"

மச்சாது யோசித்தார்.

"ஜனம் போகல. நான்தான் போனேன்."

ஜெசிந்தா பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "சாருக்கு இன்னும் ரெண்டு துண்டு கறி வைங்க," என்றாள்.

சனிக்கிழமை வந்தது. சென்னையில் மண்டபம் நிறைந்திருந்தது. பியானோக்காரர் மேடையில் பக்கவாட்டில் உட்காருவார். லேசாகத் தலையைத் திருப்பினால் முன்வரிசை தெரியும். அங்கே ஜெசிந்தா இருந்தாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு கண்ணாடிக்காரர், அந்தப் பாட்டின் புத்தகத்தை மடியில் விரித்து வைத்து, காதில் விழுவதை வரிவரியாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தார்.

முக்கு வந்தது. விரல் பழைய தெருவுக்குள் போய்விட்டது.

எழுந்திருக்கப் போகிறவர் மாதிரி மச்சாதுவின் வலது கால் பின்னால் நகர்ந்தது. ஓரக்கண்ணால் பார்த்தார். கண்ணாடிக்காரரின் விரல் பக்கத்து நடுவில் நின்றிருந்தது. அவர் புத்தகத்தைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

மச்சாது காலை முன்னுக்குக் கொண்டுவந்து பெடலில் வைத்தார். அவசரப்படாமல் வாசித்துக்கொண்டே போனார்.

கண்ணாடிக்காரர் ஜெசிந்தா பக்கம் குனிந்து என்னமோ கேட்டார். அவள் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையை மட்டும் நீட்டி, அவர் மடியிலிருந்த புத்தகத்தை இரண்டு பக்கம் பின்னுக்குத் திருப்பி வைத்தாள்.