ஒன்பதாவது கல்

போரிலிருந்து நொண்டிக்கொண்டு வந்த விண்ணன் மலைமேல் இருந்த மடத்தில் சேர்ந்து ஓராண்டாகிறது. கண்ணை மூடி உட்காரச் சொன்னால் உட்காருவான். மனசு உட்கார்ந்தால்தானே! கண்ணை மூடியதும், கூடப் போரிட்டுச் செத்துப்போன சேந்தன் வந்து எதிரே நிற்பான்.

"சாமி, அவனை எப்படியாவது விரட்டிவிடுங்க" என்று ஒருநாள் காலையில் கேட்டேவிட்டான்.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "வந்து என்ன கேட்கிறான்?"

"ஒண்ணும் கேட்கமாட்டான். அதுதான் தாங்கமுடியலை."

குரு கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "வா, கீழ ஊருக்குப் போயிட்டு வருவோம்."

விண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டான். கீழே இருப்பது சேந்தனுடைய ஊர்.

ஊர் எல்லையில் பறை முழங்கிக்கொண்டிருந்தது. போரில் மாண்டவர்களுக்கு அன்றுதான் கல் நட்டார்கள். ஒவ்வொரு கல்லிலும் வாளை ஓங்கிய வீரன். மஞ்சள் நீர் தெளித்து, மயிற்பீலி சூட்டி, கள் படைத்தார்கள். செத்தவர்கள் ஒன்பது பேர். நட்டதோ எட்டுக் கல்.

விடுபட்டவன் சேந்தன். உடம்பு வந்தபோது ஊர்ப்பெரியவர்கள் புரட்டிப் பார்த்தார்கள். ஈட்டி முதுகில் பாய்ந்திருந்தது. ஓடும்போது செத்தவனுக்குக் கல் கிடையாது, அவன் பெண்டாட்டிக்கு நிலமும் கிடையாது. அப்படியொரு வழக்கம், பாழாய்ப்போன வழக்கம்.

கூட்டத்துக்கு வெளியே புளியமரத்தடியில் சேந்தன் மனைவி வெண்ணி மகளோடு நின்றாள். காலடியில் ஒரு வெறுங்கல். ஆற்றிலிருந்து அவளே உருட்டிக்கொண்டு வந்தது. அதன்மேல் ஒரு பூ வைத்திருந்தாள்.

"ஓடினவனுக்குப் பூ ஒண்ணுதான் குறைச்சல்!" என்று ஒருவன் கல்லின்மேல் காறித் துப்பிவிட்டுப் போனான். மகள் குனிந்து அதைத் தன் பாவாடையால் துடைத்தாள்.

வெண்ணி குருவைக் கும்பிட்டாள். "அவர் ஓடுற ஆள் இல்லை, சாமி. எனக்குத் தெரியும். ஆனா பார்த்தவங்க ஒருத்தரும் வந்து சொல்லலையே."

விண்ணன் மரத்துக்குப் பின்னால் நகர்ந்தான். குரு அவனை ஓரமாக அழைத்துப் போனார்.

"பார்த்தவன் இருக்கானா?"

"இருக்கான், சாமி. நான்தான். கால் முறிஞ்சு கிடந்தேன். விட்டுட்டுப் போயிடாதேடான்னு கதறினேன். ரெண்டு கையிலயும் என்னை ஏந்திக்கிட்டு ஓடினான். பின்னாலேர்ந்து ஈட்டி வந்துச்சு. விழும்போதுகூட என்னை விடலை. உயிர் போனப்புறம் அவன் கையை நான்தான் விலக்கிட்டு ஊர்ந்து போனேன்."

"அதை ஏன் சொல்லலை?"

"என் ஊர்ல இந்தக் காலைப் பார்த்து, வீரன்னு சொல்லி மாலை போட்டாங்க, சாமி. குழந்தை மாதிரி அழுதேன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

பறை ஓய்ந்தது. பூசை முடிந்து ஊரார் கலையத் தொடங்கினார்கள். மரத்தடியில் வெண்ணி இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

குருவுக்குக் கோபம் வரவில்லை. அவன் தோளில் கை வைத்தார்.

"அவனை விரட்டச் சொன்னியே, எப்படியப்பா போவான்? ரெண்டு கையிலயும் இன்னும் உன்னை ஏந்திக்கிட்டுத்தானே நிக்கிறான். போ. அவங்க எல்லார் முன்னாடியும் போய் இறங்கு."