ஆவணி முதல் வெள்ளி

"நீங்க சொன்ன வாக்கு பொய்யாப் போச்சு அம்மா," என்றான் அமிர்தலிங்கம். வந்தவன் கும்பிடக்கூட இல்லை.

கடைமடை ஊரில், வாய்க்கால் ஓரமாகக் குடில் போட்டிருந்த செங்கமலத்தம்மை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். வயதில் அவனைவிட இளையவர்தான். ஆனாலும் அவனுக்கு குரு என்றால் அவர் ஒருவர்தான்.

"என்ன சொன்னேன்?"

"ஆவணி முதல் வெள்ளியில நாத்து விடுன்னு சொன்னீங்க. பன்னிரண்டு வருஷமா அந்த நாளை நான் விட்டதில்ல. மக கல்யாணம் அதே நாள்ல வந்தப்பவும், தாலி கட்டி முடிச்ச கையோட வயலுக்கு ஓடினேன். என்ன ஆச்சு? ரெண்டு வருஷமா வாய்க்கால்ல தண்ணியைக் காணோம். நாத்து நாத்தங்கால்லயே முத்திப் போச்சு. அறுத்து மாட்டுக்குப் போட்டேன்."

அம்மையார் எழுந்து குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டார். அது அவன் எரிச்சலை இன்னும் கிளப்பியது.

"ஒரு மூட்டை விதைநெல்தான் மிச்சம். இதுவும் போச்சுன்னா நிலத்தை விட்டுட்டுத் திருப்பூர் போயிடலாம்னு வனரோஜா சொல்றா. துணிமணியெல்லாம் கட்டி வச்சிட்டா."

வனரோஜா அவன் மனைவி. சொன்னால் செய்கிறவள்.

"தண்ணி குடிக்கிறியா?"

"வயலுக்கு வராத தண்ணி எனக்கு எதுக்கு?"

விருட்டென்று திரும்பிக் குடிலுக்குப் பின்பக்கம் போனான். கண் கலங்கியதை அவர் பார்த்துவிடக் கூடாது என்றுதான் போனான். அங்கே அம்மையாரின் துண்டு நிலம் கிடந்தது.

நாற்றங்கால் இல்லை. சேறு இல்லை. வெறும் புழுதியில் நேராக விதைத்திருந்தார். போன வாரம் பெய்த மழைக்கு நெல் முளைத்து நின்றது. ஆடி இன்னும் முடியவில்லை.

விடுவிடுவென்று திரும்பி வந்து அவர் முன்னால் நின்றான்.

"இது அநியாயம் இல்லையா அம்மா? ஊருக்கு ஒரு நாள், உங்களுக்கு ஒரு நாளா?"

"அந்த வெள்ளியை நான் சொன்னப்ப வாய்க்கால்ல தண்ணி ஓடுச்சு லிங்கம். அப்புறம் நின்னுபோச்சு. முந்தின வருஷம் நானும் நாத்து விட்டேன், கருகிடுச்சு. போன வருஷம் கம்பு போட்டேன். இந்த வருஷம் புழுதியில குறுகிய கால நெல்லு."

"அதை எங்ககிட்ட சொல்ல வாய் வரலையா?"

"சொல்லியிருந்தா, அதையும் பன்னிரண்டு வருஷம் பிடிச்சுக்கிட்டிருப்பே."

சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவன் விடவில்லை.

"நான் முட்டாள்னே வச்சுக்குங்க. முட்டாளுக்கு வயிறு இல்லையா? ரெண்டு வருஷம் என் நாத்து சாகுறதைப் பார்த்துக்கிட்டு சும்மா இருந்தீங்களே."

அம்மையார் தலை குனிந்துகொண்டார். அதற்கு முன் அவர் தலை குனிந்து அவன் பார்த்ததே இல்லை.

"சரி, இருக்கிற மூட்டையை என்னைக்கு விதைக்கட்டும்? அதையாவது சொல்லுங்க."

அவர் எழுந்து பின்பக்கம் போய், ஒரு பிடி மண் அள்ளி வந்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

அவன் அதை உதறினான்.

"இது உங்க மண்ணு. என் வயல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கு."

சொல்லிவிட்டு, தான் சொன்னதையே யோசிக்கிறவன் மாதிரி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு விடைகூடப் பெறாமல் நடந்தான்.

தன் வயல் மண்ணை அள்ளிப் பார்த்து, ஈரம் சரியாக இருந்த ஒரு நாளில் புழுதியிலேயே விதைத்தான். அந்த வருஷம் விளைச்சல் சுமார்தான். ஆனாலும் விளைந்தது. வனரோஜா துணி மூட்டையைப் பிரித்துச் சேலைகளை மறுபடி கொடியில் போட்டாள்.

களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்து வயல்காரன் பக்கிரிசாமி வந்தான். அவனுடையது மொத்தமும் கருகிப் போயிருந்தது.

"லிங்கம், நீ எந்த நாள்ல விதைச்சே? சொல்லுப்பா. அடுத்த வருஷம் நானும் அதே நாள்ல விதைச்சிடறேன்."

நாள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அமிர்தலிங்கம் அதை விழுங்கினான். அம்மையார் மாதிரி பேசாமல் இருந்துவிடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவனுக்குக் கசந்தது.

மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லாம எங்கேய்யா கிளம்பிட்டே?"

"உன் வயலுக்குத்தான். வா."