மூன்று ராணிகளுக்கு ஓர் ஊஞ்சல்

முன்னொரு காலத்தில் வெண்கரை நாட்டை இடும்பவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். எந்தப் படைக்கும் அஞ்சாதவன், தன் மூன்று ராணிகளுக்கு மட்டும் அஞ்சினான். முக்கோணமான தோட்டம் ஒன்றின் மூலைக்கு ஒரு ராணி குடியிருந்தாள். ஒவ்வொரு மூலையிலிருந்தும் எதிர்மதிலின் நடுவுக்கு நேராக ஒரு பாதை, மூன்றும் கூடும் இடத்தில் ஊஞ்சல் மண்டபம். இதுதான் ராஜாவின் ஆசை. மந்திரி சேந்தனாரும், "பேஷாகக் கூடும்" என்று சொல்லிவிட்டார்.

அவைக் கணிதர் விடங்கருக்கு மந்திரியின் முத்துத் தலைப்பாகை மேல் வெகுநாளாக ஒரு கண்.

"இரண்டு பாதை கூடும் அரசே. மூன்றாவது விலகிப்போனால்? எந்த ராணியிடம் போய் ஊஞ்சல் இல்லை என்பீர்கள்?"

ராஜாவுக்கு வேர்த்துவிட்டது. "மந்திரி, இப்போதே நிரூபியும்! இல்லையென்றால் தலைப்பாகையைக் கழற்றி விடங்கரிடம் கொடும்!"

"கோடு போட்டுக் காட்டக்கூடாது" என்றார் விடங்கர். "ஓலையில் கூடும், தோட்டத்தில் ஒரு முழம் தள்ளிப்போகும்."

சேந்தனார் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தலை நரைக்கும்வரை சுமந்த தலைப்பாகை ஆயிற்றே! அப்போது சாளரத்துக்கு வெளியே ஒருவன் தோளில் கம்பு வைத்து, இரு முனையிலும் குடம் தொங்க, தண்ணீர் சுமந்து போனான். மந்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முக்கோணமாக ஒரு மெல்லிய மூங்கில் தட்டியும், ஒரே அச்சில் பிடித்த மூன்று கொழுக்கட்டைகளும் வரவழைத்து, மூலைக்கு ஒன்றாக வைத்தார்.

"அரசே, இந்தத் தட்டிதான் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடம் சுமப்பவன் தோளை எங்கே கொடுக்கிறான்?"

"கம்பின் நடுவில்."

"அதேபோல் இளைய ராணிகள் மூலையிலுள்ள இந்த இரண்டு கொழுக்கட்டையின் பாரமும் இடையிலுள்ள மதிலின் நடுவில் விழுகிறது. மூன்றாவது மூத்த ராணியின் மூலையில். தட்டியைத் தாங்கும் விரல் எங்கே இருக்க வேண்டும்?"

"இரண்டுக்கும் இடையே... அட, மூத்தவளின் பாதையில்!"

"மற்ற ராணிகளின் மூலையிலிருந்து பார்த்தாலும் இதே நியாயம்தான். விரல் அவரவர் பாதையில் இருந்தாக வேண்டும். ஆனால் தட்டி சாயாமல் நிற்கும் இடம் எத்தனை?"

"ஒன்றே ஒன்று!"

"அப்படியானால் மூன்று பாதையும் அங்கேதானே கூடும்?"

சொன்னபடி தட்டி அவர் விரலில் நின்றது.

"இது இந்தத் தட்டிக்கு மட்டும்!" என்று கத்தினார் விடங்கர்.

"எந்தப் பக்கம் எவ்வளவு நீளம் என்று நான் கேட்கவே இல்லையே, கணிதரே."

அவை கொல்லென்று சிரித்தது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். ஒரு கொழுக்கட்டையைக் கடித்தவன் பாதியில் நிறுத்தினான்.

"சேந்தனாரே, ஊஞ்சல் ஒன்றுதானே? முதலில் எந்த ராணி ஆடுவது?"

மந்திரி தலைப்பாகையை நன்றாக அழுத்திக்கொண்டார். "அது தட்டிக்குத் தெரியாது அரசே. கணிதர்தான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்."

"சரியான ஆள்! விடங்கரே, முடிவு செய்து மூவரிடமும் நீரே போய்ச் சொல்லிவிட்டு வாரும்."

தலைப்பாகைக்கு ஆசைப்பட்ட விடங்கர், தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே அந்தப்புரத்துக்கு நடந்தார்.