கத்தாமல் நின்ற ஆட்காட்டி

வற்றிப்போன ஏரியின் நடுவே கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. அது யாருக்கு என்று மேல்காட்டு யானைகளுக்கும் கீழ்க்காட்டு யானைகளுக்கும் போர் மூண்டது. ஏரிக்குள் தரையோடு தரையாகக் குடியிருந்த குருவிகளும் முயல்களும் நடுங்கிப்போயின.

"நாம எப்படியோ போறோம். குஞ்சு குட்டிகளையாவது அக்கரைப் பாறைக்கு அனுப்பிடுவோம்!" என்று எல்லாம் கூடி முடிவு செய்தன. கூட்டிப்போகக் கௌதாரி ஒப்புக்கொண்டது.

ஆட்காட்டிக் குருவிக்கு மூன்று குஞ்சுகள். பொரியாத முட்டை ஒன்று அடியில் இருந்ததால் அதனால் கூடப் போக முடியவில்லை.

"என் கடைக்குட்டி பயந்தாங்கொள்ளி, அக்கா! பக்கத்திலேயே வச்சுக்கோ!" என்றது கௌதாரியிடம்.

"எத்தனை தடவைடி சொல்லுவே? நீ வாயை மூடிக்கிட்டு இரு, அது போதும்!"

"கத்துறதுதானே என் பொழைப்பே!"

அது உண்மைதான். பருந்தின் நிழல் தெரிந்தாலே ஆட்காட்டி கத்தும். உடனே ஏரியிலுள்ள குஞ்சு குட்டி அத்தனையும் அசையாமல் படுத்துவிடும். குஞ்சா, கூழாங்கல்லா என்று பருந்துக்குத் தெரியாது.

வரிசை கிளம்பியது. முன்னால் கௌதாரி, அதன் பின்னால் முயல்குட்டிகள், கடைசியில் ஆட்காட்டிக் குஞ்சுகள். கடைக்குட்டி திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"அம்மா, நீ எப்போ வருவே?"

"நீ போ, கண்ணு. பின்னாலேயே வர்றேன்!"

அது பொய்.

பாதி வழியில் பிளிறல் கேட்டது. புழுதி எழுந்தது. தோற்றோடிய யானைகள் நேராக அந்த வரிசையைப் பார்த்து வந்தன. ஆட்காட்டி பயத்தில் தன்னை மறந்து கத்திவிட்டது.

குட்டிகள் அத்தனையும் பொத்தென்று படுத்தன!

"எழுந்து ஓடுங்க!" என்று கௌதாரி தொண்டை கிழியக் கூவியது.

"எப்படி எழுந்திருக்கிறது? அம்மா கத்துதே!" என்றது கடைக்குட்டி, கண்ணைத் திறக்காமலே.

ஆட்காட்டி இன்னும் பலமாகக் கத்தியது. குஞ்சுகள் இன்னும் அழுந்திப் படுத்தன. பருந்துக்குக் கண் உண்டு, ஏமாற்றலாம். யானைக் காலுக்குக் கண் ஏது?

அப்போதுதான் ஆட்காட்டிக்கு உறைத்தது. பிள்ளைகளைத் தரையோடு அழுத்திப் பிடித்திருப்பது தன் குரல்தான்!

சட்டென்று நிறுத்தியது. யானைகள் நெருங்கின. நெஞ்சுக்குள் கத்தல் முட்டியது. அலகை மண்ணில் குத்திக்கொண்டு நின்றது.

ஒரு முயல்குட்டி தலையைத் தூக்கியது. "சத்தம் நின்னுடுச்சு! ஓடுங்கடா!"

எல்லாம் எழுந்து ஓடின. புழுதி அவற்றை மூடியது.

யானைகள் கடந்து போயின. ஆட்காட்டிக்கு எதுவும் தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்க்கவும் பயம். ஏதாவது ஒன்று இன்னும் நடுவழியில் இருந்தால், மறுபடி படுத்துவிடுமே!

வெகுநேரம் கழித்துப் பாறைப்பக்கமிருந்து கௌதாரியின் குரல் வந்தது.

"எல்லாம் வந்து சேர்ந்தாச்சுடி! உன் கடைக்குட்டிதான் அழுவுது. உன் சத்தத்தையே காணோமாம், நீ செத்துட்டியாம்! ஒரு குரல் குடு!"

ஆட்காட்டி அலகைத் திறந்தது. முதலில் காற்றுதான் வந்தது.

"இருக்கேன்!" என்றது பிறகு. தூரத்தில் யானைகள் மறுபடி பிளிறத் தொடங்கின.

ஆபத்திலிருந்து பிள்ளைகளை அனுப்பிவைக்கும் பெரியவர்கள், தங்கள் பயத்தையும் அவர்களோடு சேர்த்து அனுப்பக் கூடாது.