எல்லோருக்கும் கூவிய ஆள்காட்டி

மூங்கிலும் ஈச்சம் புதரும் மண்டிக் கிடந்த ஒரு காட்டின் நடுவே மொட்டைப் பாறை ஒன்று இருந்தது. அந்தப் பாறையில் செங்கண்ணி என்ற ஆள்காட்டிப் பறவை தன் சுற்றத்தோடு வாழ்ந்து வந்தது. வேடன் நுழைந்தாலும், காட்டாறு பெருகினாலும், எங்காவது புகை எழுந்தாலும் முதலில் கண்டு கூவுவது ஆள்காட்டிகள்தாம். திசைக்கு ஒரு பறவையாக நின்று நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்.

காவல் காப்பவர்கள் இரை தேடப் போக முடியுமா, குழந்தைகளே? அதனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. குடும்பத்துக்கு ஒரு வாய் இரையைப் பாறையில் கொண்டுவந்து வைக்க வேண்டும். கரடி கறையானைக் கொண்டுவரும். பன்றி மண்ணைக் கிளறும்போது அகப்பட்ட புழுக்களைக் கொண்டுவரும். பூச்சி பிடிக்கத் தெரியாத முயல்கூடப் புல்லோடு வண்டு ஒன்றைக் கவ்வி வரும். காவல் பங்கு என்று அதற்குப் பெயர்.

ஒரு கோடையில் பவழவாயன் என்ற கிளி அங்கே வந்து சேர்ந்தது. தூரத்துத் தோப்புகளின் கதைகளை அது சொல்லத் தொடங்கினால் கேட்பவர் பசியை மறந்துவிடுவர். நரி சும்மா இருக்குமா? கிளியை அத்திமரப் பொந்தில் குடிவைத்தது. பழம் கொண்டுவந்தவர் மரத்தடியில் அமர்ந்து கேட்கலாம், வேண்டாதவர் போகலாம் என்று அறிவித்தது. வந்த பழத்தில் பாதி நரிக்கு.

கிளியின் கதையில் ஒரு குறையும் இல்லை. செங்கண்ணியே ஒரு மாலை போய்க் கேட்டு ரசித்துவிட்டு வந்தது. வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது.

மொந்தன் என்ற காட்டுப்பன்றி, காட்டுக்குத் தலைவராக இருந்த யானையிடம் போய் முறையிட்டது. கிளிக்குப் பழம் கொடுப்பது தன் விருப்பம், ஆனால் ஆள்காட்டிக்குக் கொடுப்பது கட்டாயமாக அல்லவா இருக்கிறது என்றது. பகலெல்லாம் உறங்கும் தனக்கு அந்தக் கூச்சல் தொல்லைதான் என்றும், தான் கேட்காத குரலுக்குத் தான் ஏன் பங்கு கொடுக்க வேண்டும் என்றும் கேட்டது. பல விலங்குகள் தலையாட்டின. தலைவரும் யோசித்துப் பார்த்துவிட்டு, இனி விரும்பியவர் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகும் பாதிப் பேர் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்போது நரி பாறைக்கு வந்தது.

"செங்கண்ணி, நீயும் என் மரத்துக்கு வந்துவிடு. பங்கு கொடுப்பவர் காதில் மட்டும் செய்தியைச் சொல். மற்றவர்கள் தெரியாமல் தவிக்கட்டும். தவித்தால் தானாகக் கொடுப்பார்கள்."

செங்கண்ணி நிமிர்ந்து நின்றது. "புலி வருவதைக் கரடியிடம் சொல்லிவிட்டு, மான்குட்டியைக் கண்டால் வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறாய். என் குரலுக்குக் கதவு கிடையாது. போய் வா."

நரிக்கு முகம் சுருங்கியது. நேரே பங்கு கொடுப்பவர்களின் வளைகளுக்கும் குகைகளுக்கும் போனது. "நீங்கள் கொடுத்தாலும் கூவும், கொடுக்காவிட்டாலும் கூவும். அதன் வாயாலேயே கேட்டுவிட்டு வருகிறேன். சும்மா கிடைப்பதற்கு இரையைக் கொடுப்பவன் ஏமாளி" என்று சொல்லிக்கொண்டே போனது.

ஏமாளிப் பட்டம் யாருக்கு வேண்டும்? பங்கு நின்றுபோனது. முயல் மட்டும் வண்டைக் கொண்டுவந்தது. ஒரு வண்டை எத்தனை பேர் தின்பது? சுற்றமெல்லாம் ஆற்றுக்கு அப்பால் வயல் பக்கம் இரை தேடிப் பறந்துவிட்டது. செங்கண்ணியையும் வரச் சொன்னார்கள். அது மறுத்துவிட்டது. பசி வயிற்றைக் கிள்ள, கோபம் அதைவிட அதிகமாகக் கிள்ள, நேராக யானைத் தலைவரின் சபைக்குப் போனது.

"கெஞ்ச வரவில்லை. ஒன்று கேட்டுவிட்டுப் போக வந்தேன். காட்டுக்கு நான்கு திசை. காவலுக்கு மிஞ்சியவள் நான் ஒருத்தி. எந்தத் திசையைப் பார்க்காமல் விடட்டும்? நீங்களே சொல்லுங்கள்."

உடனே சபையில் ஒரே சச்சரவு. கரடி தன் குகை இருந்த மேற்கை விடக் கூடாது என்றது. நரி அத்திமரம் நின்ற கிழக்கைச் சொன்னது. மொந்தன் முன்னால் வந்தது.

"வடக்கை விட்டுவிடு. நான் தெற்கே இருக்கிறேன். வடக்கில் எது நடந்தால் எனக்கென்ன?"

வடக்கே முயல்களும் எலிகளும்தான் குடியிருந்தன. அவற்றின் பேச்சு சபையில் எடுபடவில்லை.

"அப்படியானால் நெருப்பிடமும் சொல்லிவையுங்கள், வடக்கோடு நின்றுகொள்ளச் சொல்லி" என்றது செங்கண்ணி. சபை சொன்னதற்கு அது கட்டுப்படவில்லை. பாறைக்குத் திரும்பி, கழுத்து நோக நோக நான்கு பக்கமும் பார்த்தது.

ஆனால் பசிக்கு வீம்பு புரியுமா? ஒரு நண்பகலில் கண் இருட்டிக்கொண்டு வர, இரண்டு புழுவாவது கிடைக்கட்டும் என்று ஓடைக்கரைக்கு இறங்கியது. அந்த நேரம் பார்த்து வடக்கே மூங்கிலோடு மூங்கில் உரசித் தீப்பிடித்தது. செங்கண்ணி மறுபடி பாறையேறியபோது பாதி வானம் புகையாகிவிட்டது. காற்று தெற்கு நோக்கி வீசிக்கொண்டிருந்தது.

செங்கண்ணி புகைக்குள் பாய்ந்தது. ஆற்றுக்கு ஓடுங்கள் என்று கூவிக்கொண்டே முயல் வளைகளின் மேல் பறந்தது. கரடியின் குகைக்குப் பறந்தது. அத்திமரத்துக்குப் பறந்தது. கதையை நடுவிலே விட்டுவிட்டுக் கிளி வானில் எழும்பியது. நரி ஓட்டம் பிடித்தது. தெற்கே மொந்தன் தன் குட்டிகளோடு அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தது. செங்கண்ணி புதருக்குள் புகுந்து, அதன் காதிலேயே இறக்கையால் அடித்து அடித்துக் கத்தியது. பன்றி விழித்துக் குட்டிகளை முட்டித் தள்ளி ஆற்றில் இறக்கியபோது அதன் முதுகு மயிர் கருகியிருந்தது. அத்திமரமும் எரிந்தது. தெற்குப் புதரும் சாம்பலானது.

அன்று மாலை எல்லா விலங்குகளும் ஆற்றங்கரையில் நனைந்து நின்றன. மொந்தன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு செங்கண்ணியிடம் வந்தது. நாளை முதல் தான் மட்டுமே பத்துப் பங்கு கொடுப்பதாகவும், தெற்கை மட்டும் விடாமல் பார்த்துக்கொள்ளும்படியும் கேட்டது.

"பத்துப் பங்கு வாங்கினால் நான் உன் வீட்டுக் காவல்காரி ஆகிவிடுவேன். உன்னிடம் எனக்கு ஒரு வாய் போதும். அந்த ஒரு வாயை எல்லோரும் கொடுக்க வேண்டும்."

பழைய வழக்கமே தொடரட்டும் என்று யானைத் தலைவர் அங்கேயே ஆணையிட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். பங்கைத் திரட்டித் தரப்போவது தாம் என்பதால், தினமும் விடிந்ததும் முதலில் தம் புகழைக் கூவிவிட்டுப் பிறகு செய்தியைச் சொல்வதுதான் முறை என்றார்.

எல்லாக் கண்களும் செங்கண்ணியின் மேல் திரும்பின. சிறகெல்லாம் கரி. வயிற்றில் பசி. ஆனாலும் குரல் நடுங்கவில்லை.

"தலைவரே, உங்கள் கூட்டம் மரங்களைச் சாய்த்து ஓடையை அடைத்தால், அதையும் பாறையில் நின்று கூவுவேன். திரட்டுவது நீங்கள். கொடுப்பது காடு."

முயல் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டது. யானைத் தலைவர் காதுகளை அசைத்தபடி வெகுநேரம் அந்தச் சின்னப் பறவையைப் பார்த்தார். பிறகு கரையில் கிடந்த உளுத்த கட்டை ஒன்றைக் காலால் மிதித்து உடைத்தார். உள்ளிருந்து புழுக்கள் நெளிந்தன. துதிக்கையால் அதைச் செங்கண்ணியின் பக்கம் தள்ளினார்.

"இது என் வீட்டுப் பங்கு. சாப்பிடு. கூவுவதற்குத் தெம்பு வேண்டுமே."

செங்கண்ணி ஒரு வாய் தின்றது. மீதியை அப்படியே வைத்துவிட்டு, ஆற்றுக்கு அப்பால் போன தன் சுற்றத்தைக் கூவி அழைத்தது.

நீதி: ஊருக்கெல்லாம் ஒலிக்கும் குரலுக்கு ஊரே சோறிட வேண்டும், சோறிட்டவர் எவரும் அதன் வாயைக் கட்டக் கூடாது.