தேர்வடமும் முத்திரை மோதிரமும்

முன்னொரு காலத்தில், ராஜா தும்மினால்கூட ஒரு சட்டம் பிறக்கிற நாடு ஒன்று இருந்தது. ஒருநாள் பட்டத்து யானை கஞ்சாவைத் தின்றுவிட்டு நடுத்தெருவில் உட்கார்ந்துகொண்டது. கும்பிட்டாலும் எழவில்லை, கரும்பைக் காட்டினாலும் எழவில்லை. ராஜாவுக்கு வந்ததே கோபம்! அன்றைக்கே இரண்டு சட்டம் போட்டார். போதையேறியவன் விரலில் அரச முத்திரை மோதிரம் இருக்கக் கூடாது. கஞ்சா இனத்துச் செடி எதை வளர்த்தாலும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத வயலுக்குத் தீ வைக்கப்படும்.

வேலாத்தா பயிரிட்டதும் அந்த இனம்தான். ஆனால் அது வெறும் நார்ச்செடி, தின்றால் தலை சுற்றாது. கோயில் தேருக்கு வடம் திரிப்பது அவள் நாரில்தான். "என் வடம் அறுந்து தேர் நின்னுதுன்னு ஒருத்தர் சொல்லட்டும், பார்ப்போம்!" என்பாள். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பெருமைக்கு அவள் தகுதியானவள்தான்.

உரிமம் வழங்கும் அதிகாரி குணசீலர். உரிமத்தில் குத்தும் அரச முத்திரை மோதிரம் அவர் விரலில்தான் இருந்தது. சபை விகடன் மருதக்கூத்தன் அந்த நாரைப் புகழ்ந்துவிட்டான் என்று அவருக்கு ஒரே வயிற்றெரிச்சல். வேலாத்தா உரிமம் கேட்டு வந்ததும், "தின்று பார்த்துத்தான் உரிமம்" என்று சபையிலேயே ஓர் இலையை மென்றார். மென்ற கையோடு தள்ளாடிப்போய்த் தூணைக் கட்டிக்கொண்டார்.

"மகாராஜா! போதை தலைக்கேறிவிட்டது! அந்த வயலைக் கொளுத்த உத்தரவிடுங்கள்!"

"பொய், சாமி!" என்றாள் வேலாத்தா. "என் மாடெல்லாம் இதைத்தான் மேயுது. ஒண்ணாச்சும் தள்ளாடியிருக்கா?"

மருதக்கூத்தன் கைகட்டி முன்னால் வந்தான். "மகாராஜா, அதிகாரி சொல்வதை அடியேன் அப்படியே நம்புகிறேன். ஐயோ பாவம், எப்படித் தள்ளாடுகிறார்! தங்கள் சட்டப்படி மோதிரத்தைக் கழற்றிவிடலாம். ஐயா, விரலை நீட்டுங்கள்."

குணசீலர் சட்டென்று தூணை விட்டார். "எதற்கு? எனக்கு ஒன்றுமில்லை! தெளிவாகத்தான் இருக்கிறேன்!"

"நிச்சயமாகவா?" என்றார் ராஜா.

"சத்தியமாக, மகாராஜா!" என்று ஒற்றைக் காலில் நின்றே காட்டினார் மனுஷர்.

"அப்படியானால் இலையில் போதை இல்லை" என்றான் மருதக்கூத்தன். "மோதிரம் கையில்தானே இருக்கிறது? உரிமத்தில் குத்திவிடுங்கள்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை நழுவியது. "மருதக்கூத்தா, என்ன வேண்டும், கேள்!"

"தேர்வடத்தில் முதல் கை எப்போதும் தங்களுடையது. இந்த வருஷம் அதை வேலாத்தாவுக்குக் கொடுங்கள், மகாராஜா."

ராஜா சரி என்றார்.

தேரன்று வேலாத்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தான் திரித்த வடத்தைத் தானே முதலில் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் ராஜா. அவருக்கும் பின்னால் எங்கேயோ குணசீலர், வேர்க்க விறுவிறுக்க. ஊரே சேர்ந்து இழுத்தும் ஒரு நார் அறவில்லை. தேர் நிலைக்கு வந்துதான் நின்றது.