கொடிக்குள் ஒளிந்த இலுப்பைப்பூ

மிருகமும் பறவையும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு காட்டுக்குச் சுதந்திரம் வந்தது. வந்தது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். கம்பத்தின் உச்சியில் மாட்டிக்கொண்டு, எல்லார் உயிரையும் வாங்கிவிட்டுத்தான் வந்தது. ஆகஸ்ட் பதினைந்து தவறாமல் கொடியேற்றிவிட்டு மிட்டாயைச் சப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோமே, கொடிக்குள் பூவை எதற்கு வைக்கிறோம் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? கேட்க மாட்டோம். நானே சொல்லித் தொலைக்கிறேன்.

அந்தக் காட்டை அக்கரையிலிருந்து வந்த கழுதைப்புலிகள் ஆண்டன. அமாவாசைக்கு அமாவாசை ஒரு குட்டியை அவற்றுக்கு அனுப்ப வேண்டும். கீரியக்காவின் மூத்த மகள் அப்படித்தான் போனாள். அதன் பிறகு கீரியக்கா சும்மா இருக்கவில்லை. புதர் புதராக நுழைந்து, கெஞ்சி, திட்டி, எல்லாரையும் ஒன்றுசேர்த்தாள். இனி யாரும் குட்டி அனுப்புவதில்லை என்று காடே சேர்ந்து நின்றதும், கழுதைப்புலிகள் ஒரு நிபந்தனை போட்டன.

"நாளைக்குக் காலையில வெயில் அந்த ஆத்துப் பாறையோட அடியைத் தொடுறதுக்குள்ள உங்க கொடி பறக்கணும். மேல போனது கீழ வரக்கூடாது, கிழியவும் கூடாது. பறந்தா நாங்க போயிடுறோம். பறக்கலைன்னா பழையபடி குட்டி வரணும். ஒரு துணியைச் சேர்ந்து ஏத்தத் தெரியாதவங்களுக்குக் காடு எதுக்கு?"

பழையபடி என்றால், அடுத்த முறை கீரியக்காவின் சின்ன மகன்.

விடிந்ததும் கீரியக்கா வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். கொடியை மடித்துக் கட்டுவது தூக்கணாங்குருவி. விழா முடிந்ததும் மிட்டாய்க்குப் பதிலாகக் காய்ந்த இலுப்பைப்பூவை எல்லாருக்கும் பங்கிடுவது அணிலண்ணன். கயிற்றை இழுப்பது தலைவர் எருமை. குருவி கொடியை மடித்தபோது அணிலண்ணன் ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். யாரும் கூப்பிடாமலே ஒருவர் உதவிக்கு வந்தால் சந்தேகப்பட வேண்டாமா? கீரியக்காவுக்கு அன்று அதற்கெல்லாம் நேரமில்லை.

கட்டிய கொடி மூங்கில் கம்பத்தின் உச்சிக்குப் போனது. தலைவர் எருமை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தான் கன்றாக இருந்த காலத்திலிருந்து ஆரம்பித்தார். பாறையில் பாதி வரை வெயில் இறங்கிவிட்டது. பேச்சு அவருடைய மாமனார் வீட்டைக்கூடத் தாண்டவில்லை.

"தலைவரே, கும்புடுறேன், முதல்ல கயித்தை இழுங்க!" என்றாள் கீரியக்கா.

இழுத்தார். கொடி அவிழவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். முடிச்சு இன்னும் இறுகியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கழுதைப்புலிகள் கெக்கெக்கே என்று சிரித்தன.

"என்னம்மா முடிச்சு போட்ட?" என்று குருவியைக் கேட்டாள் கீரியக்கா.

"எங்க வீட்டு முடிச்சுதான் அக்கா. புயலுக்கே அவிழாது!"

"அவிழத்தானேம்மா வேணும்! இது கொடி, உன் கூடு இல்ல!"

"கட்டத்தான் தெரியும். அவிழ்க்க எங்க வம்சத்துலயே யாருக்கும் தெரியாதே" என்று குருவி மூக்கைச் சிந்தியது.

கீரியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கொத்தினால் துணி கிழியும். பெரிய உடம்புக்காரர்கள் ஏறினால் மூங்கில் வளையும்.

"அணிலண்ணே, நீங்கதான் ஏறணும்."

"எனக்கு இடுப்புல பிடிப்பு தாயி" என்றார் அவர். சற்று முன்புதான் மரத்துக்கு மரம் தாவிக்கொண்டிருந்த இடுப்பு அது.

வெயில் பாறையின் அடியை நெருங்கியது. கீரியக்கா யாரையும் திட்டவில்லை. சின்ன மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அம்மா, அக்கா போன இடத்துக்கா நான் போகணும்?" என்று அவன் கேட்டான். அவனை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அணிலண்ணனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வாலை இரண்டு தரம் உதறினார். "சரி, நான் ஏறுறேன். ஆனா யாரும் மேல பார்க்கக் கூடாது."

"கொடி ஏத்துறப்ப மேல பார்க்காம கீழயாய்யா பார்ப்பாங்க?" என்று கீரியக்கா கத்தினாள். "ஏறித் தொலைங்க!"

ஏறினார். உச்சிக்குப் போய், கொடி மூட்டையின் ஓரத்தில் கையை விட்டார். வெளியே வந்தது ஒரு இலுப்பைப்பூ. பிறகு இன்னொன்று. அப்புறம் கை நிறைய. பங்கிட வேண்டிய பூவில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, யாருக்கும் தெரியாமல் கொடிக்குள் ஒளித்துவைத்திருந்தார் மனுஷன்!

"ஊருக்கெல்லாம் கொடுத்தப்புறம் எனக்கு என்ன மிஞ்சும்னு தெரியலை, அதான்..." என்று மேலேயிருந்தே முனகினார். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் கையை நிறுத்தவில்லை.

பூ வெளியே வரவர, புடைத்திருந்த மூட்டை மெலிந்தது. மெலிந்த மூட்டையைச் சுற்றி முடிச்சு தொளதொளத்தது.

"இப்ப இழுங்க தலைவரே!"

எருமை பேச்சு எதுவும் இல்லாமல் இழுத்தார். காடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. முடிச்சு வழுக்கி விலகி, கொடி படாரென்று விரிந்தது. உள்ளே மிச்சமிருந்த பூவெல்லாம் கூட்டத்தின் தலையில் கொட்டியது. வெயில் பாறையின் அடியைத் தொட்டபோது அந்தப் பக்கத்தில் சிரிப்புச் சத்தம் இல்லை. கழுதைப்புலிகள் ஒவ்வொன்றாக எழுந்து போய்விட்டன.

சின்ன மகன் தன் மேல் விழுந்த பூ ஒன்றை வாயில் போட்டு, "அம்மா, இனிப்பும்மா!" என்றான். மகள் போனபோதுகூட அழாத கீரியக்கா அப்போது ஓவென்று அழுதாள். அவளும் ஒரு பூவைப் பொறுக்கினாள். அதை வாயில் போடவில்லை. மகளுக்கென்று கம்பத்தின் அடியில் வைத்தாள்.

கொடிக்குள் பூ வைப்பதும், பறந்த பிறகே இனிப்புக் கொடுப்பதும் அந்தக் காலையில் தொடங்கியவைதான். முடிச்சை இறுக்கிப் போட்டுவிட்டு முழிப்பதையும் பேச்சை நீட்டுவதையும் நாம் இன்றைக்கும் விடவில்லை, அது வேறு விஷயம். ஆனால் கயிற்றை இழுக்கிற அந்த ஒரு நொடி, அவிழுமா அவிழாதா என்று மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே, அது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீரியக்கா அன்று பிடித்த மூச்சு.